இன்றைக்கு ஏறாத எடை

போன வாரம் ஐந்து முறை சிரமமில்லாமல் ஏறி இறங்கிய 80 கிலோ, இன்று இரண்டாவது முறையே நெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னால் நிற்பவர் பாரைப் பிடித்துத் தாங்கியில் வைக்கிறார். படுத்திருந்தவர் எழுந்து முதலில் செய்யும் காரியம், இருபுறமும் மாட்டியிருக்கும் தட்டுகளை எண்ணிப் பார்ப்பதுதான். யாராவது தெரியாமல் இரண்டரைக் கிலோவைக் கூட மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கிறார். கையும் தோளும் போன வாரம் இருந்தபடியேதான் இருக்கின்றன.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற எல்லை ஊர்களில் மாலை ஏழு மணிக்கு ஜிம் படியேறுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. வெளியே பெயர்ப் பலகை மலையாளத்தில் இருக்கும். உள்ளே செட் எண்ணுவது பெரும்பாலும் தமிழில். தெற்கே மலைக்கு மேல், இடுக்கி மாவட்டத்தின் குமுளியிலும் வண்டிப்பெரியாறிலும் மின்விசிறி மட்டும் சுற்றாது. மற்றபடி இதே பெஞ்ச், இதே பார், தட்டுகளை எண்ணிப் பார்க்கும் இதே முகம்.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அடுத்த பத்து நிமிடங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோபத்தில் இன்னும் ஐந்து கிலோ ஏற்றித் தோளைப் பிசகிக்கொள்கிறவர்கள் உண்டு. நமக்கு இது சரிப்படாது என்று துண்டை உதறிக்கொண்டு போய், கட்டிய மாதப் பணத்தையும் மறந்து, திரும்பி வராதவர்கள் உண்டு. மூன்றாவது வகையினரிடம், பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில், “ஒரு ஊசி இருக்கு, போட்டா சும்மா பறக்கும்” என்கிறார். அந்த ஊசியைப் பற்றிப் பிறகு. முதலில் அந்த 80 கிலோ ஏன் ஏறவில்லை என்பதைப் பார்க்கலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒதுங்கி வழிவிடும் இடம் பாலக்காட்டுக் கணவாய். தமிழகச் சமவெளியின் காற்று அந்த வாசல் வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகிறது. மார்ச், ஏப்ரலில் அது அனல். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தபோது வெப்பமானி 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் முடித்து வருகிற ஒருவர் ஜிம்முக்குள் நுழையும்போதே உடம்பில் பாதித் தண்ணீர் போயிருக்கும் என்று சொல்வது மிகைதான். ஆனால் உடல் எடையில் இரண்டு சதவிகித அளவுக்கு நீர் போனாலே உழைக்கும் திறன் குறையத் தொடங்குகிறது என்பது உடலியல் பாடம். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 1.4 லிட்டர். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பகல் நின்றால் இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. இரவு ஷிப்ட் என்றால் வேறு கதை. பகலில், தெருவில் மீன் வண்டி கூவிக்கொண்டிருக்கத் தூங்கிய நான்கு மணி நேரம், இரவில் தூங்கும் ஏழு மணி நேரத்துக்கு ஈடாகாது.

இடுக்கிப் பக்கம் வெயில் குற்றவாளி இல்லை. மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்று ஓட்டக்காரரைத்தான் சோதிக்கும், அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு செட்டைப் பெரிதாகப் பாதிக்காது. குளிர் மட்டும் பொல்லாதது. பத்து நிமிடத்தில் சூடேற வேண்டிய உடம்புக்கு அங்கே இருபது நிமிடம் தேவைப்படும். ஆனால் மலையில் உண்மையான காரணம் கடிகாரம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு மலை ஏறுகின்றன. ஜீப்பை ஓட்டுகிறவரும் சரி, தோட்டத்தில் வேலை செய்கிறவரும் சரி, நான்கு மணிக்கே எழுந்தவர்கள். இரவு எட்டு மணிக்கு அவர் ஸ்குவாட் ராக்கின் கீழே நிற்கும்போது விழித்துப் பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும். மருந்தடிக்கும் ஓஸைப் பகல் முழுதும் சரிவில் இழுத்தவருடைய முதுகும் தொடையும் அன்றைய பயிற்சியை ஏற்கெனவே முடித்துவிட்டன. ஜிம் நோட்டில் அது எழுதப்படவில்லை, அவ்வளவுதான். நகரத்தில் அச்சான பயிற்சி அட்டவணைகளில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு மட்டுமே இடமிருக்கிறது. அதை அப்படியே கொண்டுவந்து தோட்டத் தொழிலாளியின் முன் ஒட்டிவைப்பது அநியாயம்.

தென் மாவட்டக் கிராமங்களில் மந்தையிலோ கோயில் முன்னாலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக் கல் என்பார்கள், கல்யாணக் கல் என்றும் சொல்வதுண்டு. குனிந்து அதைக் கட்டிப் பிடித்து, தொடைக்கும் நெஞ்சுக்கும் ஏற்றி, தோளுக்குப் பின்னால் தள்ளுகிறவனுக்குப் பெண் கிடைக்கும் என்பது ஒரு காலத்து வழக்கு. ஊரே சுற்றி நிற்கும், முறைப்பெண்ணும் பார்த்துக்கொண்டிருப்பாள். அது பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ நடக்கிற காரியம். மற்ற நாட்களில் அந்தக் கல்லில் ஆடு முதுகைச் சொரிந்துகொண்டிருக்கும். கல்லைத் தூக்கும் வலிமையை ஏரும் ஏற்றமும் நெல் மூட்டையும் வருடம் முழுக்கக் கொடுத்தன. கல் அதை ஒருநாள் சோதித்துப் பார்த்தது.

எல்லை ஊர் ஜிம்களில் (எல்லை ஊர் என்ன, மும்பை தாராவியிலும் பெங்களூரிலும் கூட) இளைஞர்கள் பலர் செய்வது ஒவ்வொரு மாலையையும் இளவட்டக் கல் நாளாக்குவது. திங்கள்கிழமை எவ்வளவு தூக்கினோமோ அதைவிட வியாழக்கிழமை ஒரு தட்டாவது கூட வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. பயிற்சியையும் சோதனையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பளு தூக்கும் உலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது. சோவியத் பயிற்சி மரபில் வளர்ந்து பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த விளாடிமிர் ஜட்சியோர்ஸ்கி இரண்டு உச்சங்களைப் பிரித்துக் காட்டுகிறார். மனதை முறுக்கிக்கொள்ளாமல், பதற்றமில்லாமல் பயிற்சியில் தூக்கக்கூடிய அதிகபட்சம் ஒன்று. போட்டி மேடையில், கூட்டத்துக்கு முன்னால், உயிரைக் கொடுத்துத் தூக்குவது இன்னொன்று. தேர்ந்த வீரர்களிடம்கூட இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 12 சதவிகித வித்தியாசம் உண்டு என்கிறது அவரது கணக்கு. மேடையில் 200 கிலோ தூக்குகிறவருக்குப் பயிற்சி உச்சம் 175 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். தினசரி கணக்குகள் அந்தச் சிறிய எண்ணிலிருந்தே போடப்படுகின்றன. போன வாரம் நண்பர்கள் சுற்றி நின்று கத்தியபோது ஏறிய 80 கிலோ உண்மையில் எந்த உச்சம் என்று கொழிஞ்சாம்பாறைக்காரர் யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு விளக்கமும் உண்டு. 1970களில் கனடாவின் எரிக் பானிஸ்டரும் அவரது சகாக்களும் முன்வைத்தது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு பொருட்களை விட்டுச்செல்கிறது: ஒன்று தேர்ச்சி, மற்றது சோர்வு. தேர்ச்சி மெதுவாகச் சேர்ந்து மெதுவாகக் கரையும். சோர்வு சட்டென்று ஏறி, ஓய்வு கொடுத்தால் சில நாட்களில் இறங்கும். பாரின் கீழே படுத்திருக்கும்போது தெரிவது இரண்டையும் கழித்து வந்த மீதி மட்டுமே. வலிமை குறைந்ததாகத் தோன்றும் நாளில் பெரும்பாலும் வலிமை அங்கேயேதான் இருக்கிறது. சோர்வு அதை மூடிக்கொண்டிருக்கிறது. பயிற்சியே இல்லாமல் இரண்டு மூன்று வாரம் போனால்கூட, பழகிய உடம்பின் பலம் அதிகம் இறங்குவதில்லை. ஒரு வியாழக்கிழமையில் அது காணாமல் போக வழியே இல்லை.

இதற்கு வேலூரில் நல்ல சாட்சி இருக்கிறது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தின் அப்பா முன்னாள் ராணுவ வீரர், தேசிய அளவில் பளு தூக்கியவர். மகன் 77 கிலோ பிரிவில் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். ஸ்னாட்சில் 149, க்ளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக மொத்தம் 328 கிலோ. (பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் என்று இரண்டு கட்டமாகத் தூக்குவது மற்றது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, சிறந்ததைக் கூட்டிக்கொள்வார்கள்.) நான்கு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் அடுத்த காமன்வெல்த் வந்தபோது அவருடைய தொடை சரியில்லை. தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசை பழுதாகியிருந்தது. பதக்க நம்பிக்கையையே விட்டுவிட்டிருந்ததாகப் பின்னர் நிருபர்களிடம் அவரே சொன்னார்.

அன்று அவர் தூக்கியது 144, பிறகு 173. மொத்தம் 317. கிளாஸ்கோவை விட 11 கிலோ குறைவு. ஆனாலும் தங்கம். க்ளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றாவது வாய்ப்பு மிச்சமிருந்தது. அதை அவர் பயன்படுத்தவே இல்லை. இரண்டாமிடம் வந்த இங்கிலாந்து வீரர் 312-இல் நின்றுவிட்ட பிறகு, பழுதான தொடையை வைத்துக்கொண்டு யாருக்கு எதை நிரூபிக்க வேண்டும்? தன்னுடைய பழைய எண்ணைத் துரத்தாமல் அன்றைய உடம்பு எவ்வளவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று கேட்டு, அதற்குரிய எண்ணைச் சொன்னார். இந்த ஒரு மாலையை எந்தப் பயிற்சிப் புத்தகத்துக்கும் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

மணிப்பூரின் மீராபாய் சானுவின் கதை ஊரறிந்தது. ஆனால் அதில் எல்லோரும் பேசுவது டோக்கியோ வெள்ளியைப் பற்றி. ஜிம்முக்குப் போகிறவர்கள் படிக்க வேண்டியது ரியோவை. 2016 ஆகஸ்டில், 48 கிலோ பிரிவில், ஆறு வாய்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது: ஸ்னாட்சில் 82 கிலோ. க்ளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்றுமே தவறின. மொத்த எடை என்று ஒன்றும் இல்லாமல், ‘முடிக்கவில்லை’ என்ற குறிப்போடு அவர் பெயர் பட்டியலில் நின்றது. பயிற்சியில் வழக்கமாகத் தூக்கும் எடைகள்தான் அவை. விளையாட்டையே விட்டுவிடலாம் என்ற அளவுக்கு மனம் போய், உளவியல் ஆலோசகரின் உதவியை நாடினார். 2017 நவம்பரில், அமெரிக்காவின் அனஹைமில், 85-ம் 109-மாக 194 கிலோ தூக்கி உலக சாம்பியனானார். டோக்கியோவில் 2021-இல் 202 கிலோ.

அதோடு மேடு முடிந்துவிடவில்லை. 2024 பாரிஸில் அவர் தூக்கியது 88-ம் 111-ம், ஆக 199. மூன்றாமிடம் வந்த தாய்லாந்து வீராங்கனை 200. ஒரு கிலோவில் பதக்கம் போயிற்று. அன்று தனக்கு மாதவிலக்கின் மூன்றாம் நாள், உடம்பில் அசதி இருந்தது என்று போட்டி முடிந்ததும் வெளிப்படையாகச் சொன்னார். சாக்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஜிம்முக்கு வரும் பெண்கள், ‘இன்றைக்கு முடியவில்லை மாஸ்டர்’ என்பதைக் காரணம் சொல்லாமலே சொல்லிப் பழகியவர்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் பாதிப் பதக்கம். மறு வருடம், 2025 அக்டோபரில், நார்வேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் 48 கிலோ பிரிவில் அவர் தூக்கிய மொத்தம் எவ்வளவு தெரியுமா? அதே 199. கிடைத்தது வெள்ளி.

இவ்வளவு பெரியவர்களுக்கே மோசமான நாள் வருகிறது என்பதால் நம் உள்ளூர்க்காரருக்கு ஆறுதல் கிடைக்கலாம். எடை ஏற ஆறுதல் போதாது. அன்றைய மாலைக்கு என்ன செய்வது?

தீர்ப்பைச் சூடேற்றும் நேரத்திலேயே சொல்லிவிடலாம். வெறும் பார், பிறகு பாதி எடை, பிறகு முக்கால் என்று ஏறும்போது உடம்பு பேச ஆரம்பித்துவிடும். வழக்கமாகக் காற்றைப் போலப் போகும் 50 கிலோ இன்று 70 போலக் கனத்தால் அன்றைக்கு 80 கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள 80-இன் கீழே போய்ப் படுக்கவேண்டியதில்லை. அசைவை விட்டுவிடாமல் எடையை மட்டும் பத்து, இருபது சதவிகிதம் குறைத்துக்கொண்டு, ஐந்து செட்டுக்குப் பதில் மூன்று செட், முறை பிசகாமல் செய்துவிட்டுப் போவது பழைய மாஸ்டர்கள் சொல்லும் வழி. எல்லா ஆறேழு வாரங்களுக்கும் ஒருமுறை, சோர்வு வருவதற்குக் காத்திருக்காமல், ஒரு வாரம் முழுக்க இப்படி இறக்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அரை எடையும் கனத்தால் வீட்டுக்குப் போவதில் வெட்கமில்லை.

ஒரு எச்சரிக்கை. சோர்வு வேறு, வலி வேறு. உடம்பு முழுக்கக் கனப்பது சோர்வு. முழங்காலிலோ தோளிலோ ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துவது வலி, அதற்கு எடையைக் குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். பாலக்காட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் பாங்காக்கில் 8.37 மீட்டர் தாண்டி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அந்த ஊர் நீளத் தாண்டல் வீரர் முரளி ஸ்ரீசங்கர், 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அந்த ஒலிம்பிக்கையே இழந்தார். 2025 ஜூலையில் புனேயில் திரும்பி வந்தபோது தாண்டியது 8.05. நெஞ்சில் வலி, தலைசுற்றல், படபடப்பு வந்தால் அது முழங்கால் விவகாரத்தையும் விடப் பெரிது. ஜிம்மிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு.

பிறகு நோட்டு. எடையையும் எண்ணிக்கையையும் எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே இன்னும் மூன்று எழுதலாம்: முந்தின இரவு தூங்கிய நேரம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, அன்று என்ன வேலை. இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் மோசமான நாட்கள் தாமாக ஒரு வரிசையில் வந்து நிற்கும். பலருக்கு அது இரவு ஷிப்ட் மாறிய மறுநாள். சிலருக்கு மதியம் பரோட்டாவோடு முடித்துக்கொண்ட நாள், அல்லது ஒன்றுமே சாப்பிடாத நாள். தசைக்குள் சேமித்திருக்கும் மாவுச் சத்துதான் செட்டுக்கு எரிபொருள். அது சோற்றிலிருந்தும் கிழங்கிலிருந்தும் வருவது. சோறு தொடையைக் கெடுக்கும் என்று எவரோ சொன்னதை நம்பி, முட்டை வெள்ளையை மட்டும் விழுங்கிக்கொண்டு கனமான பாரின் கீழே நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மட்டை அரிசிச் சோறும் பயறும் மீனும், கப்பையும் கிடைக்கிற நாட்டில் இந்தப் பஞ்சம் தேவையில்லாதது. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கஞ்சியோ இரண்டு நேந்திரம்பழமோ போதும். வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர் (பாலக்காட்டில் சம்பாரம் என்று கேட்டால் இஞ்சி, பச்சைமிளகாயோடு தருவார்கள்) கடையில் விற்கும் கலர் தண்ணீரைவிட மோசமானதல்ல.

டப்பாவில் விற்கும் ‘பயிற்சிக்கு முந்திய’ பொடிகளில் வேலை செய்யும் சரக்கு பெரும்பாலும் காஃபின். அதில் தப்பில்லை, ஒரு கட்டன்காப்பியும் அதையே செய்யும். ஆனால் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவு ஏழரைக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவு தாண்டியும் ரத்தத்தில் சுற்றும். தூக்கம் கெடும். மறுநாள் இன்னும் சோர்வு, இன்னும் ஒரு ஸ்பூன் பொடி. நான்கு மணிக்கு ஜீப் பிடிக்க வேண்டியவருக்கு இது வட்டிக்கு வாங்கிய பலம்.

நோட்டில் மோசமான நாட்கள் வரிசையாகவே வந்தால், அதாவது தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் மூன்று நான்கு வாரமாக எடை இறங்கிக்கொண்டே போனால், அது ஜிம் மாஸ்டரின் அதிகார எல்லையைத் தாண்டிய விஷயம். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து போன உடம்பு தேற மாதங்கள் ஆகலாம். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் ஆரம்பத்தில் ‘என்னமோ அசதி’ என்றே அறிமுகமாகின்றன. எல்லாவற்றையும்விடச் சாதாரணமானது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவிகிதம். பெண்களுக்குத்தான் இது வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆண்கள் இரண்டாவது எண்ணை மறுபடி படிக்கலாம். நான்கில் ஒருவர். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்த உடம்பைப் பார்த்து ‘மனசு வைடா’ என்று கத்துவதில் பயனில்லை. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிடும் சங்கதி இது. தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு ஒருநாள் கூலி போகும் என்பதுதான் தடை. அந்தத் தடை சிறியதல்ல.

இனி அந்த ஊசி. மெஃபன்டர்மின் என்பது அதன் பெயர். முதுகுத் தண்டில் மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்யும்போது நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால், அதைத் தூக்கி நிறுத்த மயக்க மருந்து டாக்டர் பயன்படுத்துவது. மானிட்டரைப் பார்த்துக்கொண்டு, அளந்து கொடுக்கும் மருந்து. அதைத் திருட்டுத்தனமாக வாங்கி, ஜிம் கழிவறையில் நின்று ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பரவியிருக்கிறது. போட்ட சில நிமிடங்களில் இதயம் குதிரையாகிறது, 80 கிலோ இறகாகத் தோன்றுகிறது. ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, உயிர் போகவும் வழி இருக்கிறது. விடாமல் பயன்படுத்துகிறவர்களுக்கு அடிமைத்தனமும் மனநோய் அறிகுறிகளும் வருவதை இந்திய மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஜிம்களில் சோதனை நடத்திச் சட்டவிரோத மருந்துகளைப் பறிமுதல் செய்திருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி இன்னும் பழைய கதை. வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்து குவியும்போது உடம்பு தன்னுடைய சுரப்பை நிறுத்திக்கொள்கிறது. ஊசியை நிறுத்தியதும் இரண்டும் இல்லை. சோர்வைப் போக்க ஆரம்பித்தவர் மாதக்கணக்கில் கட்டிலைவிட்டு எழமுடியாத சோர்வோடும், குழந்தை இல்லையே என்ற கவலையோடும் டாக்டரிடம் போய் நிற்கிறார்.

இந்தியப் பளு தூக்குதலே இந்தப் பாதையில் நடந்து விழுந்ததுண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பிரதிமா குமாரி, சனமாச்சா சானு என்று இரண்டு வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். சர்வதேசத் தடைகள் வந்தன. 2010-இல் சொந்த ஊரான டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் நம்மவர்கள் மேடையேறுவதற்கு, சர்வதேசச் சம்மேளனத்துக்கு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டவேண்டியிருந்தது. ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களும் அந்தக் கணக்கு தீரும்வரை வாசலில் நின்றார்கள். சங்கத்துக்குப் பணம் கட்டித் தீர்க்க ஒரு வழி இருந்தது. ஜிம் கழிவறையில் ஊசி ஏற்றிக்கொண்டவரின் இதயத்துக்கு அந்த வசதி இல்லை.

கொழிஞ்சாம்பாறை மாதிரி ஊரில், அனுபவமுள்ள மாஸ்டர் ஒருவர் இருந்தால், இதில் எதையும் சொற்பொழிவாகச் சொல்லமாட்டார். பாரின் இருபுறமும் பத்துப் பத்துக் கிலோவைக் கழற்றிக் கீழே வைப்பார். “நேத்து என்ன ஷிப்ட்?” என்று மட்டும் கேட்பார். 60 கிலோவில் ஐந்தைந்தாக மூன்று செட். நோட்டில் தேதி, எடை, பக்கத்தில் ‘நைட் ஷிப்ட், மத்தியானம் சாப்பிடல.’ அதற்குள் ஒன்பது மணி ஆகியிருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மீதிப் பேரைப் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு விரட்டுவார்.